சீசனுக்கு எடுத்த சேலை

கல்யாணம் ஆகும் வரைக்கும் எனக்கு நாகரிகம் என்பது நெஞ்சுக்கு மேலே மட்டும்தான் தெரியும். றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே இருந்த தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். சித்திரை மாதம் நுவரெலியாவில் சீசன் தொடங்கினால் கொழும்பிலிருந்து பெரிய வீட்டுப் பெண்கள் எல்லாம் ரயிலேறி, நுவரெலியாவுக்கு இறங்குகிற நானுஓயா ஸ்டேசனுக்குப் போவார்கள். ரயில் றொசல்லயில் நிற்கிற ஒன்றிரண்டு நிமிஷத்தில் ஜன்னலில் தெரிகிறதைத்தான் நான் பார்த்துக்கொள்ள முடியும். தொப்பி தெரியும், கழுத்து வெட்டு தெரியும், கை எவ்வளவு நீளம் என்று தெரியும். அதற்குக் கீழே என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்பதை ரயில் பெட்டி மறைத்துவிடும். மிச்சத்தை மனசுக்குள் நானே தைத்துப் போட்டுப் பார்த்துக்கொள்வேன்.

இந்தத் தீவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வீட்டுக்காரருக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை, எனக்கு மலையில் கொழுந்து பறிக்கிற வேலை. மறு சித்திரையில் அவரே கேட்டார்.

"சீசன் பாக்கப் போவமா? ராகலையில பஸ் ஏறுனா நேரா நுவரெலியாதான்."

அவருக்குக் குதிரைப் பந்தயத்தில் ஆசை. எனக்கு என்னத்தில் ஆசை என்று அவருக்கு அப்போது தெரியாது. கொழுந்து மண்டிக் கிடக்கிற மாதத்தில் ஒரு நாள் வேலைக்கு நின்றதற்கு, மலையில் எங்களை மேய்க்கிற கண்டாக்கு ஐயாவிடம் வாங்கிய ஏச்சு தனிக் கதை.

பந்தய மைதானத்தில் கார்கள் வந்து நிற்கும் இடத்திலிருந்து துரைமார் உட்காரும் மேடைக்கு ஐம்பது அடி தூரம் இருக்கும். புல்லுக்கு நடுவே ஒரு பாதை. காரிலிருந்து இறங்கிய எந்தச் சீமாட்டியும் அந்தப் பாதையில் நடந்தே ஆகவேண்டும். எங்களைப் போன்ற சனங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கலாம், யாரும் விரட்டமாட்டார்கள். வீட்டுக்காரர் குதிரையைப் பார்த்துத் திரும்பி நிற்பார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாதையைப் பார்த்து நிற்பேன். குதிரை ஓடினதை ஒரு வருஷமும் நான் பார்த்ததில்லை.

அந்த முதல் வருஷம் இடுப்பை இறுக்கி, கீழே குடைபோல விரிகிற பாவாடை வந்திருந்தது. நாலு பேர் ஒரே வெட்டில் வந்தார்கள். எல்லோரும் ஒரே படப் புத்தகத்தைப் பார்த்திருக்கவேண்டும். அதில் ஒருத்திக்குத்தான் அது பொருந்தியது. மற்ற மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தார்கள். உடுப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கிறவள் மூச்சுக்குத் தவித்தால் அது முகத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அகலத் தொப்பியைப் பிடிக்க ஒரு கை, காற்றில் பாவாடையைப் பிடிக்க ஒரு கை, அப்புறம் கைப்பையை யார் பிடிக்கிறது? இதை யோசிக்காமலா அந்தத் தையற்காரன் தைத்தான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஈரப் புல்லில் குதிகால் புதைய நடந்தவர்களைப் பார்த்து நான் சிரிக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

கண்டிச் சிங்களப் பெண்கள் கட்டுகிற ஒசரியை நான் எப்போதும் மெச்சுவேன். இடுப்பில் கொசுவம் குலையாமல் நிற்கும், நடை தடுமாறாது. கொழும்புத் தமிழ் அம்மாமார் அந்த வருஷமும் பணியாரம் மாதிரி உப்பின கை வைத்த ரவிக்கையோடு வந்தார்கள். அது பழசாகிவிட்டது என்று வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்கே தெரிந்திருந்தது, காரில் வந்தவர்களுக்குத் தெரியவில்லை.

எனக்கென்று ஒரு தீர்ப்பு முறை இருந்தது. முன்னால் வரும்போது எதுவும் சொல்லக்கூடாது. முன்பக்கத்தைக் கண்ணாடி பார்த்துத் திருத்திக்கொண்டுதான் எல்லோரும் வருகிறார்கள். கடந்து போனபிறகு முதுகைப் பார்க்கவேண்டும். ரவிக்கையின் முதுகுத் தையல் கோணுகிறதா, ஓரம் ஏறி இறங்கி இருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அதற்குப் பிறகு மழைக்குக் காத்திருக்கவேண்டும். நுவரெலியாவில் சித்திரை மழை மத்தியானம் தாண்டினால் வராமல் இருக்காது. மழையில் சாயம் போகாத துணி, நனைந்தும் ஒட்டிக்கொள்ளாத துணி, ஓடாமல் நடந்து போகிற பெண், இந்த மூன்றும் சேர்ந்தால் அந்த வருஷத்துச் சீசன் அவளுடையது என்று நான் முடிவு கட்டிவிடுவேன். ஒரு வருஷம் ஒரு வெள்ளைக்காரத் துரைசாணியின் சிவப்புத் தொப்பி கரைந்து கன்னத்தில் வழிந்தது. பாவம் என்று தோன்றவில்லை, விலை குறைந்த சாயம் என்றுதான் தோன்றியது.

பொறாமை இருந்தது. ஆனால் அந்தப் பட்டும் தொப்பியும் எனக்கு வேண்டும் என்கிற பொறாமை இல்லை அது. எங்களுக்கும் ஒரு உடுப்பு உண்டு. முழங்காலுக்கு ஏற்றிச் செருகிய பழஞ்சேலை, இடுப்பில் ஈரம் ஏறாமல் சுற்றுகிற படங்குச் சாக்கு, தலையில் கூடைக் கயிறு அறுக்காமல் இருக்க மடித்துப் போட்ட கம்பளி. என் அம்மாவுக்கும் அதேதான், அம்மாவின் அம்மாவுக்கும் அதேதான். துரை மாறுவார், கண்டாக்கு மாறுவார், அது மாறாது. அந்த ஐம்பது அடிப் பாதையில் மட்டும் வருஷத்துக்கு வருஷம் ஏதோ ஒன்று மாறிக்கொண்டிருந்தது. கை குறுகும், பாவாடை நீளும், போன வருஷம் எல்லோரும் கட்டினதை இந்த வருஷம் ஒருத்தரும் கட்டமாட்டார்கள். உலகத்தில் மாறுகிற வழக்கமும் இருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் நான் போனேன்.

பார்த்துவிட்டு வந்ததை எல்லாம் மறுநாள் கொழுந்து பறித்துக்கொண்டே சொல்வேன். என் பேச்சை அதிகம் கேட்டது பக்கத்துக் காம்பிரா அக்கா. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த அறையில் இருந்தவள், என்னைவிடப் பத்து வயசு மூத்தவள். அவள் ஒரு நாளும் சீசனுக்குப் போனதில்லை. நான் சொல்வதை வைத்தே எந்த வருஷம் என்ன நிறம் என்று வேறு ஆட்களுக்குச் சொல்வாள். நான் சொன்னால் அவளுக்கு அது வேதவாக்கு.

முதல் சீசன் பார்த்த அந்த வருஷ ஆவணியில் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். நாலாம் மாதமே போனதற்குக் காரணம் இருந்தது. உடம்பு தாங்காமல் மலையில் இரண்டு தடவை விழுந்துவிட்டேன். றொசல்லயில் தை மாதம் ஆண்குழந்தை பிறந்தது. ஒன்பது நாள் இருந்தது. பேர் வைக்கவில்லை, பதியவும் இல்லை. இருக்காத பிள்ளைக்கு எதற்குப் பதிவு என்று மருத்துவச்சி சொன்னாள், அம்மாவும் சரி என்றாள். அதற்குப் பிறகும் மூன்று மாதம் அங்கேயே கிடந்தேன்.

சித்திரையில் வீட்டுக்காரர் வந்து கூட்டிப்போனார். நானுஓயாவில் இறங்கியதும் லயத்துக்குப் போகாமல் நேராகச் சீசனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வேலிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அவர் குதிரையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குப் பாதையில் எல்லோரும் பூப்போட்ட துணியில் வந்தார்கள். ஒருத்தி மட்டும் சாம்பல் நிறச் சேலை, ஓரத்தில் விரல் அகலக் கறுப்புக் கரை, உடம்பில் ஒரு பூ இல்லை. அவள் நடந்து போனபிறகு மற்ற பூவெல்லாம் வாடிப்போனது போல இருந்தது. பிள்ளை போனபிறகு முதல் தடவையாக வாயைத் திறந்து, "அதுதான் சேலை" என்றேன். அவர் உடனே கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். இந்தியாக்கார முதலாளி ஒருவரின் துணிக்கடையில் அதே மாதிரி ஜார்ஜெட் ஒன்று இருந்தது. எப்படி வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. அங்கேயே கட்டிக்கொண்டேன்.

லயத்துக்குள் நுழைந்தபோது பெண்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் கண் என் கையைப் பார்த்தது. கையில் பிள்ளை இல்லை. இன்னும் ஒரு நிமிஷத்தில் ஒருத்தி கேட்பாள், நான் சொல்லவேண்டும், அவர்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுவார்கள், நானும் அழவேண்டும். என்னால் முடியாது என்று தோன்றியது. அக்காதான் முதலில் வாயெடுத்தாள். அவள் கேட்பதற்குள் நான் முந்தானையை விரித்துக் காட்டினேன்.

"ஊருக்குப் போயிருந்தேன் அக்கா, அம்மாவோட. திருச்சியில எடுத்தது. எப்படி இருக்கு?"

எங்கள் பக்கத்தில் ஊர் என்றால் அது இந்தியாதான். நல்ல சேலை யாராவது கட்டினால் ஊரிலிருந்து வந்தது என்று சொல்வதும் எங்களில் வழக்கம்தான். நுவரெலியாக் கடையில் எடுத்த சேலைக்கு லயத்தில் மதிப்பு இல்லை. அதனால் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. கப்பல் எப்படி, திருச்சி எப்படி என்று கேட்டார்கள். நான் சொல்லிக்கொண்டே போனேன். மூன்று கடை ஏறி இறங்கியதாகச் சொன்னேன். பிள்ளையைப் பற்றி வீட்டுக்காரர் பிறகு ஆம்பளைகளிடம் சொல்லிக்கொண்டார். பெண்கள் என்னிடம் அதைக் கேட்கவே இல்லை, சேலையைப் பற்றியே கேட்டார்கள். அந்தப் பொய்க்கு அன்றைக்கு நான் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பேன்.

அந்தக் காலத்தில்தான் எங்களுக்கு வாக்கும் இல்லை, பிரஜா உரிமையும் இல்லை என்று ஆகிவிட்டது. வேண்டும் என்றால் மனுப் போடவேண்டும், இத்தனை வருஷமாக இந்த நாட்டை விட்டுப் போகாமல் குடியிருக்கிறோம் என்று ஆணும் பெண்ணும் நிரூபிக்கவேண்டும். வீட்டுக்காரர் மனுப் போட்டார். தானும் மனைவியும் பிறந்ததிலிருந்து இந்தியாவுக்குப் போனதில்லை என்று அதில் எழுதிக் கையெழுத்து வைத்தார். எழுதியது அத்தனையும் உண்மை. மூன்று வருஷம் கழித்து நுவரெலியாக் கச்சேரிக்கு, அந்த அரசாங்க ஆபீசுக்கு, விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. லயத்தில் ஒருத்தரைச் சாட்சிக்குக் கூட்டிவரலாம் என்றார்கள். அக்கா தானே வருகிறேன் என்றாள்.

புறப்படும்போது வீட்டுக்காரர் சொன்னார்.

"சாதாரணச் சேலையா ஒண்ணக் கட்டிக்கிட்டு வா. நாம என்ன சீசனுக்கா போறோம்?"

நான் கேட்டால்தானே. நுவரெலியாவுக்கு வருஷா வருஷம் போய் அடுத்தவர் உடுப்புக்கு மார்க் போடுகிறவள், பெரிய உத்தியோகத்தர் முன்னால் கசங்கின சேலையில் போய் நிற்பதா? சாம்பல் ஜார்ஜெட்டைக் கட்டிக்கொண்டேன். கச்சேரிப் படியில் ஏறும்போது யாராவது பார்க்கிறார்களா என்றும் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தால் என்னை நானே அறையவேண்டும் போல இருக்கிறது.

விசாரித்தவர் ஒரு சிங்களத் துரை. கோட்டுக்கும் கழுத்துப்பட்டிக்கும் ஒத்துவரவில்லை, இடது கையில் ஒரு பொத்தான் இல்லை. எங்கள் இரண்டு பேருடைய வாழ்க்கை அவர் பேனாவில் இருந்தது, அப்போதும் நான் பொத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தமிழில் கேட்டுச் சொல்ல யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவர். தோட்டத்தில் அன்றன்றைக்கு வேலைக்கு வந்தவர்கள் பேர் பதிகிற செக்ரோலைப் புரட்டினார்கள். ஆவணியிலிருந்து சித்திரை வரைக்கும் என் பேர் இல்லை. எங்கே போனாய் என்று கேட்டார்கள். அம்மா வீட்டுக்கு, பிரசவத்துக்கு என்றேன். பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். பதியவில்லை என்றேன். அம்மா எங்கே என்று கேட்டார்கள். அம்மா அதற்கு முந்தின வருஷம் செத்துப்போயிருந்தாள். துரை தலையை ஆட்டினார். கடுமையாக இல்லை, நம்புகிற ஆட்டமாகத்தான் இருந்தது. சாட்சியைக் கூப்பிடச் சொன்னார்.

அக்கா வந்து நின்றாள். எங்களைக் காட்டி எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்டார்கள். அவளுக்குக் குரலே எழும்பவில்லை. மொழிபெயர்ப்பாளர் நல்ல மனுசன். அவளுடைய பயத்தைத் தெளிய வைக்கத்தான் அந்தப் பேச்சை எடுத்தார்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. உங்கட தோட்டத்தில வடிவான சீலையெல்லாம் கட்டினம் போல. இவவைப் பாருங்கோ."

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த விஷயத்தைக் கேட்டுவிட்டார்கள்.

"அது ஊருல எடுத்ததுங்கய்யா, திருச்சியில. மூணு கடை ஏறி எறங்கி எடுத்துச்சாம். இந்தப் புள்ள ஆத்தாளோட ஊருக்குப் போயி எட்டு மாசம் இருந்துட்டு வந்துச்சு, அப்பக் கட்டிக்கிட்டு வந்தது. எங்களுக்கு எங்கங்க அது கெடைக்கும்?"

அவ்வளவு பெருமையாகச் சொன்னாள். என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னதாகத்தான் அவளுக்கு. மொழிபெயர்ப்பாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சொல்லாமல் விட்டுவிடுவாரோ என்று நினைத்தேன். துரை, என்ன சொன்னாள் என்று கேட்டார், அவர் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அக்காவை வெளியே போகச் சொன்னார்கள். போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

அது பொய் என்று நான் சொன்னேன். சேலை நுவரெலியாவில் எடுத்தது, லயத்தில் பிள்ளையைப் பற்றிக் கேட்காமல் இருக்க அப்படிச் சொன்னேன் என்றேன். வீட்டுக்காரர் எழுந்து நின்று, "இவ ஊரையே பாத்ததில்லீங்க துரை" என்றார். துரை ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தலையைக் குனிந்துகொண்டு தமிழில் சொன்னார்.

"லயத்தில சொன்னது பொய் எண்டால், இஞ்ச சொல்லுறது மெய் எண்டு என்னெண்டு நம்புறது எண்டு கேக்கிறார்."

அத்தாட்சி கொண்டுவர ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். துணிக்கடை முதலாளியிடம் போய், சேலை இங்கே எடுத்தது என்று ஒரு வரி எழுதித்தரச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டேன். "நானே இங்க தங்குற பெர்மிட்டுல காலத்த ஓட்டிக்கிட்டு இருக்கேன் தாயி. எழுதிக் குடுத்தா என்னையும் கூப்புடுவாங்க" என்றார். றொசல்லத் தோட்டத்தில் செக்ரோலில் பேர் இல்லாத ஆளுக்குக் கடிதம் தரமுடியாது என்றார்கள். பிள்ளையைப் புதைத்த இடத்தைக் காட்டலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அந்த இடத்தில் புதுக் கன்று நட்டிருந்தார்கள்.

மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தது. அவர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுப் பெட்டியில் வைத்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் வாய்க்கு வாய் பதில் சொல்லியிருப்பேன், அதோடு போயிருக்கும். அடுத்த சித்திரையில் சீசனுக்குப் போவமா என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு ஒரே ஒரு வருஷம் வேறு வேலையாக நுவரெலியாவுக்குப் போனபோது அந்தப் பாதையைப் பார்த்தேன். வெளிநாட்டுத் துணி வருவது நின்றுபோய், சீமாட்டிகள் எல்லாம் உள்ளூர்க் கைத்தறியில் நடந்து போனார்கள். நன்றாக இருந்ததா, இல்லையா என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கடைசியில் எனக்கு என்று இருந்த அபிப்பிராயமும் போய்விட்டது.

அக்காவிடம் நான் எதையும் சொல்லவில்லை. காகிதம் போதவில்லையாம் என்று சொல்லிவைத்தேன். அவள் வீட்டு மனுவும் ஏதோ காரணத்தால் தள்ளுபடி ஆகியிருந்தது, அதனால் அவளுக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை.

பத்து வருஷம் போயிற்று. இரண்டு நாட்டுப் பெரியவர்களும் பேசி, எங்களில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்துக்கொண்டார்கள் என்று செய்தி வந்தது. ஒருநாள் வேலை விட்டு வந்த கையோடு லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் என் காம்பிராவுக்கு வந்துவிட்டார்கள். அக்காதான் முன்னால் வந்தாள்.

"நம்ம லயத்துல ஊரப் பாத்தவ இவ ஒருத்திதான். இவகிட்ட கேளுங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "சொல்லு புள்ள, அங்க எப்படி இருக்கும்? எங்களுக்குப் பயமா இருக்கு."

வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. நான் ஊருக்குப் போனதே இல்லை என்று சொன்னால் முடிந்தது. ஆனால் சொன்ன உடனே அக்கா யோசிப்பாள். கச்சேரியில் தான் என்ன சொன்னோம் என்பது ஞாபகம் வரும். எங்கள் மனு எதனால் போனது என்று அவளுக்கு விளங்கிவிடும். பிறகு அவள் எப்படித் தூங்குவாள்? என் பொய்யை நம்பின குற்றம் தவிர அவள் ஒன்றும் செய்யவில்லை.

சொன்னேன். திருச்சித் தெரு அகலமாக இருக்கும் என்றேன். அங்கே பெண்கள் சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகமாட்டார்கள், பாதம் மறையக் கட்டுவார்கள் என்றேன். மழை குறைவு, கம்பளி தேவையில்லை என்றேன். நம்மைப் பார்த்தால் அந்த ஊர்க்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று ஒருத்தி கேட்டாள். நம்ம ஆளுங்கதானே, பார்த்ததும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவார்கள் என்றேன். வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அதுவரைக்கும் அக்கா போகமாட்டேன், இந்த மண்ணிலேயே கிடந்து சாகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ராகலைக்குப் போனாள். இந்தியாவுக்கு மனு எழுதிக்கொடுக்கிற ஒருவர் பஸ் நிற்கிற இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பெயர், வயசு எல்லாம் கேட்டுவிட்டு, பூர்வீக ஊர் எது என்று கேட்டார்.

"எங்கப்பன் ஊரு பேரு எனக்குத் தெரியாதுங்க" என்றாள் அக்கா. "திருச்சின்னே போட்டுக்குங்க. இந்தப் புள்ள போயிட்டு வந்திருக்கு, நல்ல ஊராம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அக்கா பெருவிரலை மையில் ஒற்றிக் காகிதத்தில் வைத்தாள்.